ஆவணப்படம்: பட்டியல் வேண்டாம், ஒரே ஒரு காட்சி சொல்லுங்க

ரீல்பெட்டி:
"சாகறதுக்குள்ள பார்க்க வேண்டிய 50 ஆவணப்படங்கள்" வகையறா இங்க வேண்டாம். அதையெல்லாம் சேமிச்சு வெச்சுக்குவோமே தவிர யாரும் பார்க்கறதில்லை. ஒரு படம், அதுல மண்டையை விட்டு இறங்காத ஒரு காட்சி. அவ்வளவுதான்.

நானே ஆரம்பிக்கிறேன். கிளாஸ், 1958, நெதர்லாந்து, பெர்ட் ஹான்ஸ்ட்ரா. ஒரு டீ ஆறுற நேரம்தான், பத்துப் பதினோரு நிமிஷம். விளக்கம் சொல்ற குரல் கிடையாது. முதல் பாதியில லீர்டம் தொழிற்சாலையில கண்ணாடி ஊதுறவங்க. குழாய் வாயில, கன்னம் தவளை மாதிரி உப்புது, பின்னால ஜாஸ். அப்புறம் மெஷின் வருது. பாட்டில்கள் வரிசையா நகருது, ஒரு இடுக்கி கழுத்தைப் பிடிச்சுத் தூக்குது. ஒரு பாட்டிலுக்கு மட்டும் கழுத்து உடைஞ்சிருக்கு. இடுக்கி வருது, பிடிக்க ஒண்ணுமில்லை, சும்மா திரும்பிப் போகுது. அந்தப் பாட்டில் நின்ன இடத்துலயே நிக்குது. பின்னால வர்றது அதை இடிக்குது, அடுத்தது இதை இடிக்குது, ஒண்ணொண்ணா விழுந்து நொறுங்குது. இடுக்கி மட்டும் தாளம் தப்பாம வந்து வந்து போயிட்டே இருக்கு. கடைசியில ஒரு மனுஷன் வந்துதான் சரிபண்ண வேண்டியிருக்கு.

அந்தத் தொழிற்சாலை அவர்கிட்ட கேட்டது விளம்பரப் படம். அதையும் எடுத்துக் கொடுத்தார். அது யாருக்கு ஞாபகம் இருக்கு? கூடவே எடுத்த இதுக்குத்தான் 1960ல ஆஸ்கர்.

தென்கரை:
தி ஆக்ட் ஆஃப் கில்லிங், 2012. இந்தோனேசியா, 1965-66ல் கம்யூனிஸ்டுகள் என்று சொல்லி நடத்திய படுகொலைகள். பின்னணி எல்லாருக்கும் தெரிந்திருக்கும், விட்டுவிடுகிறேன்.

மேடான் நகரில் ஒரு மொட்டை மாடி. அந்தக் கொலைகளைச் செய்தவர்களில் ஒருவரான அன்வர் காங்கோ கம்பியின் ஒரு முனையைக் கட்டுகிறார், மறுமுனையில் ஒரு கட்டை. அடித்துக் கொன்றால் ரத்தம் அதிகமாகிறது, நாறுகிறது, அதனால் கம்பிக்கு மாறினோம் என்று செய்தே காட்டுகிறார். பிறகு அங்கேயே சா-சா ஆடுகிறார். எல்லாரும் இந்தக் காட்சியைத்தான் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது அடுத்தது. அந்தப் பதிவை அவருக்கே டிவியில் போட்டுக் காட்டுகிறார்கள். முகம் லேசாக மாறுகிறது. இப்போது ஏதோ உடையப் போகிறது என்று நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். அவர் சொல்வது: வெள்ளை பேன்ட் போட்டது தப்பு, அந்த வேலைக்கு வெள்ளை போட்டதே இல்லை, பிக்னிக் போகிற மாதிரி இருக்கிறது.

இரண்டு பதிப்புகள் உண்டு. தியேட்டருக்காகக் குறைத்தது சுமார் 2 மணி நேரம், இயக்குநர் பதிப்பு 159 நிமிடம். நீளமானதைப் பாருங்கள். குறைத்ததில் இந்த மாதிரிச் சின்னச் சின்ன அசைவுகளுக்கு மூச்சு விட இடமில்லை. முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள், பெயர்ப் பட்டியல் ஓடட்டும். இணை இயக்குநர் ஒருவர் தொடங்கி வரிசையாக 'பெயர் வெளியிடாதவர்' என்றே வரும். பெயர் போட்டால் உள்ளூரில் உயிருக்கு ஆபத்து.

சுண்டல்:
ரீல்பெட்டி, அந்தப் பாட்டில் தானா உடைஞ்சதா, யாராச்சும் உடைச்சு வெச்சதா? இடுக்கியைத் தனியா, விழுற பாட்டிலைத் தனியான்னு அத்தனை கோணத்துல கேமரா எப்படித் தயாரா இருந்துச்சு? எனக்குச் சந்தேகமா இருக்கு.

இந்த வியாதி ஆதியிலிருந்தே இருக்கு. நானூக் ஆஃப் தி நார்த், 1922, ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி. ஹட்சன் விரிகுடாப் பக்கம் நானூக்ங்கிற இன்யூட் வேட்டைக்காரர் பனிவீடு கட்டுற காட்சி. பனிக்கட்டியை அடுக்கி முடிச்சதும் சுவர்ல ஒரு சதுரம் வெட்டி எடுத்து, தெளிவான ஐஸ் பாளம் ஒண்ணை அங்க பொருத்துறார். ஜன்னல். அதோட விடலை. வெட்டின பனித்துண்டைப் பக்கத்துலயே நிறுத்தி வைக்கிறார், வெயில் அதுல பட்டு உள்ளே திரும்பணும்னு. அருமையான காட்சி, மறுக்கலை. ஆனா அடுத்து உள்ளே குடும்பம் தூங்குறதைக் காட்டுறாங்களே, அது வேற வீடு. நிஜ வீட்டுல கேமராவுக்கு இடமும் போதலை, வெளிச்சமும் போதலை. அதனால பெரிசா, பாதி வெட்டின மாதிரி ஒண்ணு கட்டி, திறந்த பக்கம் கேமரா வெச்சாங்க. மேல கூரையில்லாத குளிர்ல அவங்க தூங்குற மாதிரி நடிச்சாங்க. துப்பாக்கி புழக்கத்துக்கு வந்த பிறகும் ஃப்ளாஹர்ட்டி அவங்களை ஈட்டியோட வேட்டையாட வெச்சார். நானூக்ங்கிற பேரே படத்துக்காக வெச்சதுதான். நிஜப்பேர் அல்லகாரியல்லக்.

இதையா ஆவணம்னு சொல்றது?

மாடிப்படி:
சுண்டல், நடிக்க வெச்சாலே பொய்னு ஒரே போடா போட்டா எப்படி? எதுக்கு நடிக்க வெச்சாங்கன்னு பாருங்க.

தி தின் புளூ லைன், 1988, எரால் மாரிஸ். 1976ல டாலஸ்ல ஒரு போலீஸ்காரர் கொலை, ராண்டல் ஆடம்ஸ்னு ஒருத்தருக்கு மரண தண்டனை, பிறகு அது ஆயுளா குறைஞ்சது. கொலை நடந்த விதத்தை மாரிஸ் திரும்பத் திரும்ப நடிக்க வெச்சுக் காட்டுறார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும், ஏன்னா ஒவ்வொண்ணும் வேற வேற சாட்சி சொன்னபடி எடுத்தது. "இதுதான் நடந்தது"ன்னு ஒண்ணைக்கூட அவர் காட்டலை. யார் யார் எப்படிப் புளுகினாங்கன்னுதான் காட்டுறார். அதுல ஒரு மில்க்‌ஷேக் கப் பறந்து போய் ரோட்டுல விழும், மெதுவா. ரோந்துல கூட இருந்த பெண் போலீஸ் கையில இருந்தது. அது எங்க விழுந்துச்சுங்கிறதை வெச்சு, சுட்டப்போ அவங்க வண்டிக்கு வெளிய நின்னாங்களா, உள்ளயே இருந்தாங்களான்னு கணக்குப் போடலாம். பாடம் எடுக்காம ஒரு பேப்பர் கப்பை வெச்சே காரியத்தை முடிச்சிட்டார்.

கடைசிப் பேட்டி அன்னிக்குக் கேமரா பழுது. ஒலிப்பதிவு மட்டும்தான் இருந்தது. அதனால ஒரு சின்ன டேப் ரெக்கார்டரையே கோணம் மாத்தி மாத்திக் காட்டி, ஆடம்ஸுக்கு எதிரா சாட்சி சொன்ன டேவிட் ஹாரிஸோட குரலை ஓட விடுறார். படம் வந்த அடுத்த வருஷம், 1989ல ஆடம்ஸ் விடுதலை. நடிக்க வெச்ச ஆவணப்படம்தானே அது?

சுண்டல்:
மாரிஸ் நடிப்புன்னு தெரியுற மாதிரி எடுத்தார். ஃப்ளாஹர்ட்டி தெரியாத மாதிரி எடுத்தார். என் பாயின்ட் அங்கதான் இருக்கு. மத்தபடி படம் பார்க்கணும், ஒத்துக்கிறேன்.

வாசகசாலைக்காரன்:
பீ, 2003, அமுதன் ஆர்.பி. மதுரையில் ஒரு தெரு, அதைத் தினமும் சுத்தம் செய்யும் ஒரு பெண். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 1993லேயே வந்துவிட்டது. படம் அரை மணி நேரம்கூட இல்லை. திரையில் வாசனை கிடையாது, ஆனாலும் பார்ப்பவர் கை தானாக மூக்குக்குப் போகும். அதைவிடச் சொல்ல ஒன்றுமில்லை.

நல்ல படத்தைப் போட்டும் கூட்டம் பாதியில் கலைந்துபோவது பெரும்பாலும் படத்தால் அல்ல, போட்ட விதத்தால். ஊரில், நூலகத்தில் திரையிட நினைப்பவர்களுக்கு:

3000 லூமன்ஸ் புரொஜெக்டர், 8 அடி அகலத் திரை, 30, 40 பேருக்குத் தாராளம். ஆனால் இருட்டிய பிறகுதான். ஜன்னலுக்குப் போர்வை கட்டிச் சமாளிக்கலாம் என்று பகலில் இறங்காதீர்கள், படம் சாம்பல் பூத்துவிடும். திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருக்கட்டும். சப்டைட்டில் வருவது அடியில், முன் வரிசைத் தலைகள் மறைப்பதும் அதையேதான். பாயில் உட்காருகிறார்கள் என்றால் 3 அடி போதும்.

எச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டருக்கு மேல் போனால், மலிவான கேபிளில் படம் வெட்டி வெட்டி வரும். லேப்டாப்பைப் புரொஜெக்டர் பக்கத்திலேயே வைத்துவிட்டு ஒலிக் கேபிளை நீட்டுங்கள். பெட்டியில் 'கொர்'ரென்று இரைச்சல் வந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பல சமயம் அதோடு நின்றுவிடும், எர்த் பிரச்சினை. பேட்டரி முழுக்க ஏற்றியிருந்தால் படம் முடியும்வரை தாங்கும். ஒலிப்பெட்டி திரைக்கு இரு பக்கமும், உட்கார்ந்தவர் காது உயரத்தில். கூடத்தின் பின்மூலையில் வைத்தால் பேட்டி காண்பவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவார்.

தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வந்தால் கோப்பை யுடிஎஃப்-8ல் சேமித்து, பிளேயரில் தமிழ் எழுத்துரு தேர்ந்தெடுங்கள். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகுகிறதா? படத்தின் வேகமும் சப்டைட்டில் வேகமும் வேறு. நொடிக்கு 25 பிரேமுக்கும் 23.976 பிரேமுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் தள்ளிவிடும். முன்னே பின்னே நகர்த்தினால் தீராது, சப்டைட்டில் எடிட்டரில் பிரேம் வேகத்தை மாற்ற வேண்டும். இதை முந்தின நாளே கடைசி 5 நிமிடத்தைப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடியுங்கள், முதல் 5 நிமிடத்தைப் போட்டு அல்ல.

விளக்கு வைத்த புரொஜெக்டரை முடிந்தவுடன் சுவிட்ச் போர்டில் அணைக்காதீர்கள். உள்ளே ஃபேன் ஓடி ஆறி நிற்கட்டும். கரன்ட் போகிற ஊர் என்றால் யுபிஎஸ்ஸை லேப்டாப்புக்குப் போடாமல் புரொஜெக்டருக்குப் போடுங்கள். இன்னொன்று, இயக்குநருக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி கேளுங்கள்.

தென்கரை:
அண்ணே, படத்துக்கு அஞ்சு வரி, கேபிளுக்கு அஞ்சு பாரா. ஆனா அந்தக் கடைசி 5 நிமிஷ விஷயத்தைக் குறிச்சுக்கிட்டேன்.

கோட்டையூர் கப்பல்:
இதுவரை யாரும் சொல்லாத படம், ஏ.கே. செட்டியாரின் காந்தி படம். 1937 அக்டோபர் 2, நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில் அவருக்கு வந்த யோசனை. ஊர் ஊராக, நாடு நாடாகப் போய் யார் யாரோ எடுத்துவைத்திருந்த துண்டுகளைத் தேடிச் சேர்த்தது 50,000 அடி. வெட்டி ஒட்டி 12,000 அடி. 1940 ஆகஸ்டில் தமிழில் வெளியானது.

அடியை நேரமாக்கிப் பாருங்கள். 35 மி.மீ. பிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம். நொடிக்கு 24 பிரேம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. 12,000 அடி என்றால் 2 மணி 13 நிமிடம். பழைய மௌனப் படத் துண்டுகளை 16, 18 பிரேமில் கையால் சுற்றி எடுத்திருப்பார்கள். அதை 24ல் ஓட்டுவதால்தான் அந்தக் காலத்துத் துண்டுகளில் ஆட்கள் துள்ளித் துள்ளிப் போகிறார்கள். காந்தி வேகமாக நடப்பவர்தான், ஆனால் அவ்வளவு வேகம் இல்லை.

இன்று பார்க்கக் கிடைப்பது பிற்பாடு அமெரிக்காவில் சுருக்கிய ஆங்கிலப் பதிப்பு. என் மண்டையை விட்டு இறங்காதது அதில் உள்ள எந்தக் காட்சியும் இல்லை, வெட்டிய மிச்சம்தான். 38,000 அடி, 7 மணி நேரம்.