ஜப்பான் பள்ளியில் துப்புரவுப் பணியாளர் உண்டா, இல்லையா?

வெட்டிவேர்: நேற்று ஓர் அப்பா பெருமையாக எழுதியிருந்தார். பிளஸ் ஒன் படிக்கும் மகள், வெளிநாட்டு மாணவர்களை ஜப்பான் அழைத்துப் போய்க் காட்டும் சகுரா சயின்ஸ் திட்டத்தில் ஒரு வாரம் டோக்கியோ போய் வந்தாளாம், முதல் வெளிநாட்டுப் பயணமாம். "ஜப்பான் பள்ளிகளில் துப்புரவுப் பணியாளர் ஒருவர்கூடக் கிடையாது, நம் பிள்ளைகள் எப்போது திருந்துமோ" என்று முடித்திருந்தார். ஒரே ஒரு பள்ளியை அரை நாள் பார்த்துவிட்டு நாடு முழுவதற்கும் தீர்ப்பா?

நகோயாவாசி: நான் 9 வருஷம் அங்கே இருந்தவன். ஒவ்வொரு பள்ளியிலும் யோமுயின் என்று ஓர் ஆள் இருப்பார், குழாய் உடைந்தால் மாற்றுவார், மரக்கிளை வெட்டுவார், வாசலில் இலை கூட்டுவார். ஆள் உண்டு. முடிந்தது.

மகிழம்பூ: அந்த அப்பா நான்தான், முதுகுக்குப் பின்னால் தனித் திரி எதற்கு? யோமுயின் பராமரிப்பு ஆள். வகுப்பையும் நடையையும் கூட்டித் துடைப்பது பிள்ளைகள். துப்புரவுப் பணியாளர் கிடையாது, இப்போதும் சொல்கிறேன்.

நகோயாவாசி: இலை கூட்டுவது துப்புரவு இல்லையா? உங்கள் ஊரில் இலையை விளக்குமாற்றால் கூட்டுவார்களா, ஸ்பேனரால் கூட்டுவார்களா?

திண்ணை: துப்புரவுப் பணியாளர் என்றால் யார் என்று முதலில் பேசிக்கொண்டால் நல்லது.

நகோயாவாசி: அதெல்லாம் வேண்டாம். யோமுயின் உண்டு.

கரும்பலகை: முதலில் எல்லோரும் தூய்மைப் பணியாளர் என்று எழுதப் பழகுங்கள். அப்புறம், இங்கே பிள்ளை கையில் துடைப்பம் கொடுத்தால் மறுநாளே பெற்றோர் மனுவோடு நிற்கிறார்கள். நான் வாத்தியார், எனக்குத் தெரியும்.

வெட்டிவேர்: யார் பிள்ளை கையில் கொடுத்தீர்கள் சார்? பட்டியலினப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ விட்ட செய்தி எத்தனை வந்தாயிற்று. அங்கே முறை வைத்து எல்லோரும் செய்கிறார்கள், மதியச் சாப்பாட்டைக்கூடப் பிள்ளைகளே வெள்ளைத் தொப்பி போட்டுப் பரிமாறுகிறார்கள்.

கரும்பலகை: நான் யார் கையிலும் கொடுக்கவில்லை, வாயை அளந்து பேசுங்கள்.

நகோயாவாசி: தொப்பி எல்லாம் தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும். மேல்நிலைக்குப் போனால் பெரும்பாலும் வீட்டிலிருந்து பென்டோ டப்பாதான். தெரியாததைப் பேசுவது இவருக்கு வழக்கம், போன மாதம் இட்லி மாவுத் திரியிலும் இதே கதை.

மகிழம்பூ: அப்பா கணக்கில் மகள் எழுதுகிறேன். பாடம் முடிந்ததும் மேசைகளைப் பின்னால் தள்ளினார்கள், ஒலிபெருக்கியில் ஏதோ பாட்டு. என்னிடமும் ஓர் ஈரத்துணி கொடுத்தார்கள். எனக்குச் சரியாகப் பிழியத் தெரியவில்லை, தரையெல்லாம் தண்ணீர். பக்கத்தில் இருந்த பெண் ஒன்றும் சொல்லாமல் வாங்கி, நன்றாக முறுக்கிப் பிழிந்து திருப்பித் தந்தாள். வெட்கமாகப் போய்விட்டது, வீட்டில் நான் என் தட்டைக்கூடக் கழுவியதில்லை. விருந்தினருக்குக் கொடுத்த பச்சைச் செருப்பு பெரிசு, மாடிப்படியில் கழன்று கழன்று விழுந்தது. பணியாளர் யாரையும் நான் பார்க்கவில்லை என்றுதான் அப்பாவிடம் சொன்னேன். இல்லவே இல்லை என்று சொல்லவில்லை.

நகோயாவாசி: பார்த்தீர்களா, பிள்ளையே சொல்லிவிட்டது! பாப்பா, நீ போன நேரம் அவர் தோட்டத்தில் இருந்திருப்பார். ஆனால் செருப்பு பச்சையா? என் பிள்ளைகள் பள்ளியில் பழுப்பு. 9 வருஷம் பழுப்புதான் பார்த்தேன்.

வெட்டிவேர்: ஒரே பள்ளியைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்வது இப்போது யார்?

நகோயாவாசி: நான் இரண்டு பள்ளி பார்த்தவன். இரண்டிலும் யோமுயின், இரண்டிலும் பழுப்பு.

மகிழம்பூ: மகள் தூங்கப் போய்விட்டாள், இது அப்பா. அவள் சொன்னதை அவரவர் வசதிக்குத் திருப்ப வேண்டாம். வகுப்பைத் துடைத்தது யார்? பிள்ளைகள். அப்படியானால் துப்புரவுப் பணியாளர் எங்கே?

கரும்பலகை: தூய்மைப் பணியாளர்.

நகோயாவாசி: யோமுயின்.