மேகம் மூடியிருந்தாலும் அரேனல் போங்கள்

கோஸ்டா ரிக்காவின் அரேனல் எரிமலைக்குப் போகிறவர்களில் நிறையப் பேர் உச்சியைப் பார்க்காமலேயே திரும்புகிறார்கள். நாங்களும் பார்க்கவில்லை. கரீபியன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறி மேகமாகிவிடுகிறது. விடுதியில் இருந்த சிலர் முகம் வாடிப்போய், நடையே வேண்டாம் என்று வெந்நீர் ஊற்றுக்குக் கிளம்பிவிட்டார்கள். எனக்கு அது வருத்தமாக இருந்தது. உச்சிக்கு ஏற எப்படியும் தடை; நடக்க விடுவதே அடிவாரத்தில்தான். பார்க்க வேண்டியதும் அங்கேதான் இருக்கிறது.

தேசியப் பூங்காவில் லாஸ் கொலாடாஸ் பாதையில் போனோம். முதலில் ஆளை மறைக்கும் நாணல், அப்புறம் காடு, அதன் முடிவில் 1992-இல் வழிந்து இறுகிய லாவா. கன்னங்கரேலென்ற பாறைக் குவியல். கையை ஊன்றினால் சிராய்த்துவிடும், அவ்வளவு சொரசொரப்பு. ஆனால் இடுக்கெல்லாம் பாசி, பெரணி, நடுநடுவே ஆர்க்கிட். மண்ணே இல்லாத கல்லில் இவ்வளவு சீக்கிரம் உயிர் பிடித்ததற்கு ஓயாத அந்த ஈரம்தான் காரணம். எல்லோரும் திட்டுகிற மேகத்தின் வேலையை அங்கே தொட்டுப் பார்க்கலாம்.

1968 வரை ஊர்க்காரர்கள் இதை வெறும் மலை என்றே நினைத்திருந்தார்களாம். அந்த வருடம் ஜூலை 29 காலையில் வெடித்ததில் தபகோன், புவெப்லோ நுவேவோ, சான் லூயிஸ் என்ற மூன்று கிராமங்கள் அழிந்தன. சுமார் 80 பேர் இறந்தார்கள். அதன்பின் 2010 வரை மலை அடங்கவே இல்லை. கைடு இதைச் சொன்னபோது யாரும் போட்டோ எடுக்கவில்லை.

திரும்பும்போது எல் செய்போ பாதையில் ஒரு ராட்சத மரம். நம் வீட்டுத் தலையணைக்கு இலவம்பஞ்சு தருகிற அதே இனம்! அதன் பலகை வேர்களுக்கு நடுவே நின்றால் ஆளே தெரியவில்லை. எங்கிருந்தோ ஹவுலர் குரங்குகள் உறுமின. குரங்குச் சத்தம் என்று தெரிந்திருந்தும் உடம்பு சிலிர்த்தது.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மழை கொஞ்சம் குறைவு. உச்சி தெரிய வேண்டும் என்றால் விடியற்காலையில் கிளம்பிப் பாருங்கள். ரெயின்கோட்டும் பிடிப்புள்ள ஷூவும் கட்டாயம், ஈர லாவாவில் கால் வழுக்கும். சரி, அன்றைக்கும் மேகம் மூடியிருந்தால்? நடையை மட்டும் ரத்து செய்யாதீர்கள்.