கேசட் கடைக்காரர் வெட்டிவிட்டார் என்றுதான் நினைத்தோம்

பேய் அனுபவங்களைப் பகிரச் சொன்னதும் ஆளாளுக்குப் பேயைப் பார்த்த கதையைச் சொல்லிவிட்டீர்கள். என்னுடையது பேய்ப் படம் பார்த்த கதை.

1991 கோடை விடுமுறை. மாமா வீட்டில் டெக், அதாவது வீடியோ கேசட் போட்டுப் படம் பார்க்கும் பெட்டி, வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்தோம். மூன்று தமிழ்ப் படம், பையன்களுக்காக ஒரு இங்கிலீஷ் படம். அந்த இங்கிலீஷ் கேசட்தான் 'தி கீப்'. அதைப் போடும்போது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. பெரியவர்கள் தூங்கிப் போக, நானும் மாமா பையனும் மட்டும் முழித்திருந்தோம்.

கதை நடப்பது 1941இல், ருமேனிய மலைக் கணவாய் ஒன்றில். அங்கிருக்கும் பழைய கோட்டையில் ஜெர்மன் சிப்பாய்கள் வந்து தங்குகிறார்கள். சிறிய கற்கள் வெளிப்பக்கமும் பெரிய கற்கள் உள்பக்கமும் இருப்பதை அவர்களுடைய கேப்டன் கவனிக்கிறார். வெளியிலிருந்து வரும் எதிரியைத் தடுக்கவா இப்படிக் கட்டுவார்கள்? உள்ளே இருப்பது வெளியே போய்விடக் கூடாது என்று கட்டியது அது. சுவரில் பதித்த சிலுவைகளைத் தொடாதீர்கள் என்று காவலாள் கெஞ்சியும், வெள்ளி ஆசையில் ஒரு ராத்திரி இரண்டு சிப்பாய்கள் ஒன்றைப் பெயர்த்துவிடுகிறார்கள்.

அடுத்து வருவதை நான் இன்னும் மறக்கவில்லை. கல்லை இழுத்ததும் ஒரு பொந்து. ஒருவன் விளக்கோடு அதற்குள் ஊர்ந்து போய் எட்டிப் பார்க்கிறான். கேமரா அவன் முகத்திலிருந்து பின்னால் நகர்கிறது, நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு மலையையே குடைந்த மாதிரி இருட்டு. டாஞ்சரின் டிரீம் குழுவின் சிந்தசைசர் இசை மட்டும் ஓடுகிறது. மாமா பையன் என் கையைப் பிடித்தவன் விடவே இல்லை.

அதற்கப்புறம்தான் குழப்பம். கிரீஸில் ஒருவன் திடுக்கிட்டு எழுகிறான், பைக்கில் கிளம்புகிறான், யார் என்று சரியாகத் தெரிவதற்குள் கதாநாயகியோடு காதல். கேசட் கடைக்காரர் பாதியை வெட்டிவிட்டார் என்று முடிவு கட்டி, காலையில் அவரிடம் போய்ச் சண்டையே போட்டோம். பாவம், அவர் மேல் தப்பில்லை.

பல வருடம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. இயக்குநர் மைக்கேல் மான் முதலில் தொகுத்தபோது படம் 210 நிமிடம். 1983 டிசம்பரில் தியேட்டருக்கு வந்தது 96 நிமிடம். விஷுவல் எஃபெக்ட்ஸைப் பார்த்துக்கொண்ட வாலி வீவர்ஸ் வேலை முடிவதற்குள் இறந்துவிட்டார். '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' என்ற விண்வெளிப் படத்தில் வேலை செய்தவர் அவர். அவர் மனதில் வைத்திருந்த முடிவுக் காட்சிகளை எப்படிச் சேர்ப்பது என்று மற்றவர்களுக்குத் தெரியவில்லை. அதோடு ஸ்டுடியோவின் கத்திரியும் சேர்ந்துகொண்டது. மூல நாவலை 1981இல் எழுதிய எஃப். பால் வில்சனுக்குப் படம் பிடிக்கவே இல்லை. பின்னாளில் அவரே அதைக் காமிக்ஸாக எழுதினார்.

அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்தப் படத்தை யாராவது குப்பை என்றால் எனக்கு வலிக்கும். காரணம் அந்த யூதப் பேராசிரியர். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களில் நாம் மந்திரவாதி காண்டால்ஃபாகப் பார்த்த இயன் மெக்கெல்லன்தான் அந்த வேடத்தில். நாஜி வதை முகாமில் கிடந்த நோயாளியான அவரை, கோட்டைச் சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொல்லி இழுத்து வருகிறார்கள். உள்ளே இருக்கும் அது அவர் உடம்பைக் குணப்படுத்துகிறது, நாஜிகளைக் கொல்கிறது. தன் மக்களைக் காப்பாற்ற வந்த சக்தி என்று அவர் நம்பிவிடுகிறார். அந்த நிலைமையில் நான் இருந்தாலும் நம்பியிருப்பேன். முடங்கிக் கிடந்த மனிதர் எழுந்து நடக்கும்போது முகத்தில் வருகிற சந்தோஷம்தான் எனக்குப் படத்திலேயே பயங்கரமான இடம்.

கோட்டையை வேல்ஸில் லான்பெரிஸ் பக்கம் ஒரு கைவிட்ட ஸ்லேட் குவாரியில் எடுத்தார்கள். அந்தக் கறுப்புக் கல்லின் ஈர மினுமினுப்பு, தேய்ந்த கேசட்டில்கூடத் தெரிந்தது.

போன வருடம் நல்ல பிரிண்ட் ஒன்று கிடைத்து மறுபடியும் பார்த்தேன். கேசட்டில் அந்தப் பொந்துக் காட்சி பாதிக்கு மேல் வெறும் புள்ளியும் கோடுமாக ஓடியதால், சிப்பாயின் விளக்கு அணைந்துவிட்டது என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அணையவில்லை. கடுகு அளவுக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. கீழே இருட்டில் வேறொரு வெளிச்சம் திரண்டு, அதைக் குறிவைத்துத்தான் போகிறது. உடனே மாமா பையனுக்கு போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவன், "அந்த இடத்தை மட்டும் எனக்கு அனுப்பாதே" என்றான்.