புதுப்பிப்பு: பினாங்கு – பூக்கெட், பெட்ரோல் கணக்கு முடிந்தது

செஸ்னா 172 என்ற நாலு பேர் அமரும் சிறு விமானத்தில் கரையோரமாகவே தாய்லாந்தின் பூக்கெட் போய்வர வேண்டும், வழியில் பெட்ரோல் எங்கே போடுவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். "எதற்கு வழியில் போடணும்?" என்று ஓர் அண்ணன் திருப்பிக் கேட்டார். உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

பினாங்கிலிருந்து லங்காவி சுமார் 70 கடல்மைல், அங்கிருந்து பூக்கெட் 135. போகவர 410. 110 நாட் (மணிக்கு 110 கடல்மைல்) வேகத்தில் நாலு மணி நேரத்துக்குள். மணிக்கு 35 லிட்டர் என்றாலும் 130 சொச்சம்தான். டாங்க் கொள்வதோ 200. ஜெட் எரிபொருள் நம் இன்ஜினுக்கு ஆகாது, அதற்கு வேண்டிய விமானப் பெட்ரோலான அவ்காஸ் எல்லா இடத்திலும் கிடைக்காது. ஆகவே பினாங்கிலேயே முழுதாக நிரப்பிக்கொண்டு கிளம்புகிறோம்.

ஆனால் அந்த 200 லிட்டரே ஏறக்குறைய 144 கிலோ. நாலு பேர், பெட்டி, லைஃப் ஜாக்கெட் எல்லாம் ஏறாது. மச்சானைக் கழற்றிவிட்டோம். அவர் இன்னும் எங்களோடு பேசவில்லை.

குடிநுழைவு, சுங்கம் லங்காவியில். தாய்லாந்து அனுமதிக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. அவர்கள் கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். பறப்புத் திட்டத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதினால் குழப்பமில்லை.

தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து வரும் புயல்வரிசைக்குப் பயந்து, பயணம் ஜனவரிக்குத் தள்ளிப்போயிருக்கிறது.