டார்ச் பல்பு எரிய ஒரு வயர் போதாதா?

கேள்வி:
மகளுக்கு ஆறாம் வகுப்பு அறிவியலில் மின்சுற்றுப் பாடம். 1.5 வோல்ட் செல்லின் பிளஸ் முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து டார்ச் பல்பின் அடியில் தொட்டாள், எரியவில்லை. அப்புறம் மைனஸிலிருந்தும் ஒரு வயரை எடுத்து அதே இடத்தில் வைத்தாள், வயர்தான் சூடானது. "கரண்ட் பல்புக்குப் போனால் போதாதா, ஏன் திரும்பி வரணும்?" என்று கேட்கிறாள். எப்படி விளக்குவது?

பதில் 1:
முதலில் அந்த வயர்களைப் பிரித்துவிடுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் தொட்டால் கரண்ட் பல்புக்குள் போகாமல் வெளியிலேயே சுற்றிவிடும், ஷார்ட் சர்க்யூட், செல்லும் சீக்கிரம் தீர்ந்துபோகும். பல்பை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். இரண்டு கம்பிகள், நடுவே மெல்லிய டங்ஸ்டன் இழை. ஒரு கம்பி அடியில் உள்ள ஈயப் பொட்டில் சேர்கிறது, இன்னொன்று மரை போட்ட உலோக உறையில். ஆக, ஒரு வயர் பொட்டில், மற்றது உறையில். இந்தப் பல்புக்கு எது பிளஸ், எது மைனஸ் என்பது முக்கியமில்லை.

பதில் 2:
அருமையான கேள்வி கேட்டிருக்கிறாள். கரண்ட் பல்புக்குப் போய்த் தீர்ந்துவிடுகிற சரக்கு இல்லை. வயரில் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நிறைந்து கிடக்கின்றன, செல் அவற்றைத் தள்ளுகிறது, சைக்கிள் செயின் மாதிரி சுற்று முழுவதும் ஒன்றாக நகர்கின்றன, எந்த இடத்தில் அறுந்தாலும் மொத்தமும் நின்றுவிடும். இழைக்குள் எவ்வளவு கரண்ட் நுழைகிறதோ அவ்வளவும் வெளியே வருகிறது. இழையில் கைமாறுவது ஆற்றல், அதனால்தான் அது சூடாகி ஒளிர்கிறது. இது புரிந்ததும் ஒரே வயரை வைத்து எரிய வைக்கச் சொல்லுங்கள். முடியும்! பல்பின் பொட்டைச் செல்லின் பிளஸ் குமிழ் மேலேயே நிறுத்தி, மைனஸிலிருந்து உறைக்கு வயர் கொடுத்தால் போதும். ஆனால் தயவுசெய்து நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவளே கண்டுபிடிக்கட்டும்.

பதில் 3:
பல்பின் உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 2.5 வோல்ட் என்றிருந்தால் ஒரு செல்லில் மங்கலாகத்தான் எரியும், பகலில் எரிவதே தெரியாமல் போகலாம். இரண்டு செல்களை, ஒன்றின் பிளஸ் அடுத்ததன் மைனஸைத் தொடும்படி வரிசையாக வைத்தால் 3 வோல்ட் கிடைக்கும். 9 வோல்ட் பேட்டரி வேண்டாம், இழை அறுந்துபோகும். கடையில் பல்புக்குப் பதில் வெள்ளை எல்இடி கொடுத்தால் விஷயமே வேறு, அதற்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும், பிளஸ் மைனஸ் மாறினாலும் எரியாது. வயராக எடுத்தது காயில் (கம்பிச்சுருள்) சுற்றுகிற செம்புக் கம்பி என்றால் இரண்டு முனைகளையும் நன்றாகச் சுரண்டிவிடுங்கள், மேலே பூசிய இனாமல் கரண்டை விடாது.