பொருள்: முன்தீர்ப்பு மூலதனமா, முதலிருப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில், பழைய தீர்ப்புகளின் சேர்ந்த தொகுப்பைக் குறிக்க (ஆங்கிலத்தில் capital stock of precedents) வைத்துள்ள 'முன்தீர்ப்பு மூலதனம்' என்பதை 'முன்தீர்ப்பு முதலிருப்பு' என்று மாற்றலாம் என்பது என் கருத்து. முன்மொழிந்த ஐயா பொறுத்தருள வேண்டும்.

சட்டத்தைப் பொருளாதார நோக்கில் ஆய்ந்த அமெரிக்க அறிஞர்கள் லேண்டஸும் போஸ்னரும் 1976 கட்டுரையில் பழைய தீர்ப்புகளை ஒரு கையிருப்பாகப் பார்த்தார்கள். சட்டம் என்ன என்ற தகவல்தான் அதன் வரவு. நாளாக ஆக அது தேயும், புதுத் தீர்ப்புகள் வந்து நிரப்பும். மூலதனம் என்றதும் போட்ட பணம்தான் மனதில் வருகிறது. இருப்பு என்றால் சேர்வதும் குறைவதும் சேர்ந்தே வரும். பாம்பனில் படகுக்கு 'முதல் போட்டவர்' என்பார்கள், அந்தச் சொல்லே போதுமே என்று தோன்றலாம். ஆனால் 'முன்தீர்ப்பு முதல் இன்றுவரை' என்று படித்துவிடுவார்களே!

இந்த வரவை இங்கே ராமநாதபுரத்தில் வக்கீல் அறையிலேயே பார்க்கலாம். கட்சிக்காரர் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் வக்கீல் தீர்ப்புத் தொகுப்பைப் புரட்டி, "இதுக்கு ஐகோர்ட் தீர்ப்பு இருக்கு, பேசி முடிச்சிருங்க" என்பார். கோர்ட் கட்டணம், வாய்தா அலைச்சல் எல்லாம் மிச்சம்.

தேய்மானத்துக்கும் நம்மூர் வழக்கே இருக்கிறது. மதுரை கலெக்டருக்கும் முத்துராமலிங்க சேதுபதிக்கும் நடந்த ராமநாதபுரம் ஜமீன் வழக்கில், 1868இல் லண்டன் பிரிவி கவுன்சில் (அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றம்) தீர்ப்பளித்தது: கணவர் அனுமதி தந்திராவிட்டாலும், சபிண்டர்கள் (கணவரின் நெருங்கிய இரத்த உறவினர்கள்) சம்மதித்தால் தென்னாட்டில் விதவை தத்தெடுக்கலாம். பல தலைமுறைகள் தத்து வழக்குகள் இதன்மேல் நின்றன. 1956இல் இந்து தத்தெடுப்புச் சட்டம் வந்து, விதவை தன் உரிமையிலேயே தத்தெடுக்கலாம் என்றது. அப்புறம் சபிண்டர் சம்மதத்துக்கு வேலை இல்லை. ஆனால் அதற்கு முன் நடந்த தத்துகளுக்குப் பழைய விதிதான். தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்காறு, எழுதப்பட்ட சட்ட நூலை விஞ்சும் என்று அதே தீர்ப்பு சொன்னதை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஒரே தீர்ப்பில் ஒரு பகுதி தேய்ந்தது, இன்னொரு பகுதி இன்னும் வரவு தருகிறது.

அதனால் சட்டத்திருத்தத்தால் வலுவிழப்பதைப் 'போக்கெழுதல்' (கணக்கிலிருந்தே நீக்குதல், write-off) என்று தனியாகக் குறிக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. போக்கெழுதினால் கணக்கில் ஒன்றுமே மிஞ்சாது. 'முன்தீர்ப்புத் தேய்மானம்' என்றே எல்லாவற்றுக்கும் வைப்போம். கூடுதல் நீதிபதிகள் கொண்ட பெரிய அமர்வு முழுதாக மாற்றித் தீர்த்தால் மட்டும் போக்கெழுதல் சரி.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
ராமநாதபுரத்திலிருந்து