ஒலிம்பிக் தீபகற்பத்தில் 5 நாள் தனிப் பயணம்: இந்தத் திட்டம் ஒத்துவருமா?

பாசிமரம் (கேள்வி):

செப்டம்பர் ரெண்டாவது வாரம் அமெரிக்காவோட வாஷிங்டன் மாநிலத்துல சியாட்டில்ல இறங்கி, வாடகைக் கார் எடுத்து 101 நெடுஞ்சாலையில ஒலிம்பிக் தேசியப் பூங்காவைச் சுத்தி வரலாம்னு இருக்கேன். தனியாத்தான். கூடாரம் கிடையாது; போர்ட் ஏஞ்சலஸ்ல 2 ராத்திரி, ஃபோர்க்ஸ்ல 2 ராத்திரி மோட்டல்.

முதல் நாள் பெயின்பிரிட்ஜ் ஃபெரி வழியா போர்ட் ஏஞ்சலஸ். 2-ஆம் நாள் காலைல ஹரிக்கேன் ரிட்ஜ், மத்தியானம் கேப் ஃபிளாட்டரி. 3-ஆம் நாள் லேக் கிரெசன்ட், சோல் டக் அருவி, ராத்திரி ஃபோர்க்ஸ். 4-ஆம் நாள் காலைல ஹோ மழைக்காடு, சாயங்காலம் ரியால்டோ பீச், அப்படியே பக்கத்துல இருக்கிற செகண்ட் பீச். 5-ஆம் நாள் ரூபி பீச் பார்த்துட்டு தெற்கு வழியா சியாட்டில். நாளைக்கு 10 மைல் வரை நடப்பேன். ஓசெட் முக்கோணத்தை (காடும் கடற்கரையுமா முக்கோணமா சுத்தி வர்ற நடைபாதை) இதுக்குள்ள நுழைக்க முடியுமா? தனியா போகக்கூடிய பாதையா அது?

வழித்துணை:

2-ஆம் நாள் தாங்காதுங்க. ஹரிக்கேன் ரிட்ஜ் ஊர்ல இருந்து 17 மைல் ஏத்தம், போக மட்டும் 40 நிமிஷம். கேப் ஃபிளாட்டரிக்கு போர்ட் ஏஞ்சலஸ்ல இருந்து ஒரு வழிக்கே 2 மணி நேரம் ஆகும். 112-ஆம் எண் சாலை முழுக்க வளைவு, வேகமா ஓட்டவே முடியாது. ரெண்டையும் சேர்த்தா 5 மணி நேரத்துக்கு மேல ஸ்டியரிங்லயே போயிடும். அந்த நாளை மலைக்கே விட்டுடுங்க. ஹரிக்கேன் ஹில் பாதை ஒரு வழி 1.6 மைல், 650 அடி ஏத்தம், தார் போட்டது. மேல இருந்த பெரிய கட்டடம் 2023 மே மாசம் தீயில எரிஞ்சுபோச்சு; அதனால தண்ணி, சாப்பாடு எல்லாம் கீழ இருந்தே எடுத்துட்டுப் போகணும்.

3-ஆம் நாளை இன்னும் காலைலயே ஆரம்பிச்சு ஓசெட்டுக்குக் கொடுங்க. அங்கிருந்து ஃபோர்க்ஸ் ஒண்ணேகால் மணி நேரம்தான். சோல் டக் அருவிக்கு ஒரு வழி 0.8 மைல், மேரிமியர் அருவிக்கு 0.9 மைல்; ரெண்டையும் 2-ஆம் நாள் பிற்பகல்ல முடிச்சிடலாம். கேப் ஃபிளாட்டரியை இந்தத் தடவை விட்டுடறது நல்லது. போயே ஆகணும்னா அது மக்கா பழங்குடியினரோட நிலம். பூங்கா பாஸ் அங்க செல்லாது, அங்க இருக்கிற நியா பே ஊர்ல தனி பாஸ் வாங்கணும்.

இன்னொண்ணு: வரைபடத்துல ரியால்டோவும், செகண்ட் பீச் பக்கத்துல இருக்கிற லா புஷ் ஊரும் ஒட்டியிருக்கிற மாதிரி தெரியும். நடுவுல குவிலாயூட் ஆறு. கடக்கப் பாலம் இல்லை. உள்ள வந்து சுத்தித்தான் போகணும். செகண்ட் பீச்சுக்கு கார் நிறுத்தத்துல இருந்து காட்டுக்குள்ள 0.7 மைல் நடை வேற இருக்கு.

பெட்ரோலை ஃபோர்க்ஸ்ல நிரப்பிடுங்க. ஹோ, ஓசெட் ரெண்டு இடத்துலயும் போன் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தை முன்னாடியே இறக்கி வைங்க.

நெய்தல்:

மேலே சொன்னது சரி. ஆனால் 3, 4-ஆம் நாட்களின் நேரத்தை முடிவு செய்ய வேண்டியது கடல். இடங்களை வரிசைப்படுத்துவதற்கு முன் லா புஷ் ஓத அட்டவணையை (கடல் நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கரையில் ஒரு நாளைக்கு 2 லோ டைட் (நீர் மிகவும் இறங்கியிருக்கும் நேரம்); இரண்டும் ஒரே அளவு அல்ல. ஒன்று 0 அடியை ஒட்டி இறங்கும் நாளில் மற்றொன்று 3 அடியிலேயே நின்றுவிடலாம். "லோ டைட்" என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புபவர்கள் பாறைமுனையில் மாட்டிக்கொள்வது இதனால்தான். அடிக் கணக்கைப் பாருங்கள். சில அட்டவணைகள் கோடைகால நேரத்தைச் சேர்க்காமல் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஓசெட் முக்கோணம் மொத்தம் 9.4 மைல். காட்டுக்குள் பலகைப் பாதையில் கேப் அலாவா வரை 3.1, கரையோரமாக சாண்ட் பாயின்ட் வரை 3.1, திரும்ப நடை தொடங்கிய ஓசெட் ஏரிக்கு 3 மைல் சொச்சம். கரையோரப் பகுதிதான் சிக்கல். லோ டைட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பாகக் கரையை அடையும்படி கிளம்புங்கள். கூழாங்கல்லும் வழுக்குப் பாசியும் கலந்த தரை, அந்த 3 மைலுக்கே 2 மணி நேரம் பிடிக்கும். வழியில் வெட்டிங் ராக்ஸ் பாறைகளில் பழங்குடியினர் செதுக்கிய திமிங்கலமும் முகங்களும் இருக்கின்றன, தொடாதீர்கள். பாறைமுனையைத் தண்ணீர் தொட்டுவிட்டால் சுற்றிப்போக முயலாமல், மரத்தில் சிவப்பும் கறுப்புமாக அடித்திருக்கும் வட்டத் தகட்டைத் தேடுங்கள். மேட்டின் மேல் ஏறிக் கடக்கும் வழி அங்கே தொடங்குகிறது.

தனியாக நடப்பவருக்கு அலையைவிடப் பலகைதான் அதிகம் ஆபத்து. தேவதாருப் பலகை நனைந்தால் பனிக்கட்டிதான். கெட்டியான அடிப்பாகம் உள்ள பூட்ஸ் அதில் பிடிக்காது. மென்மையான ரப்பர் அடி கொண்ட ஷூ போடுங்கள், காலை நேராக ஊன்றி வையுங்கள். கணுக்கால் பிசகினால் கூப்பிட ஆள் இருக்காது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். எந்த மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதை ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ரியால்டோவில் ஹோல்-இன்-தி-வால் (கடலரித்துத் துளைத்த பாறை) ஒரு வழி 1.6 மைல், நடுவில் எலன் ஓடையைத் தாண்ட வேண்டும். ஹை டைட்டில் (நீர் மிகவும் ஏறியிருக்கும் நேரத்தில்) கரையோர மரக்கட்டைகளின் மேல் நடக்காதீர்கள். டன் கணக்கில் எடையுள்ள கட்டையும் சில அங்குலத் தண்ணீரிலேயே மிதந்து புரளும். அடியில் சிக்கினால் தப்பிப்பது கடினம்.

பாசிமரம்:

ரொம்ப நன்றி. 4-ஆம் நாள் அட்டவணையைப் பார்த்தேன்: காலை 9 மணிக்கு 0.4 அடி, ராத்திரி லோ டைட் 9 மணிக்கு மேல. அப்போ ஹோவை என்ன பண்றது?

வழித்துணை:

அப்படியே புரட்டிப் போடுங்க. ஏழரைக்கு ரியால்டோவுல இறங்கினா எட்டரைக்கு ஹோல்-இன்-தி-வால். 9 மணிக்குத் திரும்ப ஆரம்பிச்சிடுங்க, தண்ணி ஏற ஆரம்பிக்கிறப்போ எலன் ஓடைக்கு இந்தப் பக்கம் வந்திருப்பீங்க. ஃபோர்க்ஸ்ல சாப்பிட்டுட்டு ரெண்டரைக்கு மேல ஹோ. நடுப்பகல்ல கார் நிறுத்தம் நிரம்பினா ஒரு வண்டி வெளிய வந்தாத்தான் இன்னொண்ணை விடுவாங்க. மூணு மணிக்கு மேல அந்த வரிசை மெல்லக் கரையும்.

ஹோவுல ஹால் ஆஃப் மாசஸ் பாதை 0.8 மைல்தான், கூட்டமும் அங்கதான். அதை முடிச்சுட்டு ஹோ ரிவர் பாதையில மினரல் க்ரீக் அருவி வரை, ஒரு வழி 2.7 மைல், போங்க, பெரும்பாலும் சமதரை. விழுந்து மட்கின பெருமரத்து மேல வரிசையா முளைச்ச இளமரங்களை அந்தப் பாதையில நின்னு பார்க்கலாம். எல்க் மான் எதிர்ல வந்தா 50 கெஜம் தள்ளி நில்லுங்க, செப்டம்பர் அதுங்களுக்கு இணை சேர்ற காலம், ஆண் மான் முட்ட வரும். சூரியன் மறையறது ஏழரை வாக்குல, ஆனா அந்த மரங்களுக்குக் கீழ ஏழுக்கே இருட்டிடும். தலையில மாட்டுற டார்ச்சுக்கு மாத்து பேட்டரி வெச்சுக்கோங்க.